பேசாமல் போன கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் கத்தமாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கத்துகிற இலாகா எங்கள் வீட்டில் என்னிடம் இருக்கிறது, அதை நான் குறைவில்லாமல் பார்த்து வருகிறேன். அதனால்தான் விஜயதசமி அன்று காலையில் அவர் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய் அந்தப் பக்கமே திரும்பிப் படுத்தபோது நான் பயந்துபோனேன்.

அவர் பெயர் எழிலரசன். முதலியார்பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஸ்கூல் வேன் எழிலு என்றால் தெரியும். காலாப்பட்டு வரைக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவார். சர்க்கரை முதலில் ஒரு கண்ணைக் கொண்டுபோனது. ஊசி, லேசர் என்று எல்லாம் பார்த்தும் இன்னொன்றும் நிற்கவில்லை. வேனை விற்றோம். நான் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிற ஒருத்தரையும், கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்காமல் விடமாட்டேன். முதலாளி முறைப்பார். முறைத்துக்கொள்ளட்டும்.

ரெண்டு வருஷம் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பிறகு ரெட்டியார்பாளையத்தில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிற இடம் ஒன்று இருப்பது தெரிந்து, வரமாட்டேன் என்றவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். திரையில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரே படித்துக் காட்டும்படி, வீட்டுக்கு நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போட்டுத் தந்தார்கள். ஒரு ஹெட்செட்டும் கொடுத்தார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்செட்தான் அதற்கு வாய். அதைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மனுஷர் சோற்றுக்கு எழுந்து வரமாட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போகும். அந்தத் தொல்லை வர வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

அந்தப் பழக்கத்தில்தான் சென்னைக் கம்பெனி வேலைக்கு எழுதிப் போட்டார். வீட்டில் இருந்தபடியே வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலை. முதல் ரெண்டு சுற்றிலும் தேறிவிட்டார். கடைசி டெஸ்ட் விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு. அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச வேண்டும். அந்த நேரத்தில் லைனுக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் ஆயுதபூஜை வந்தது. வேன் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. விடியற்காலையில் வேனைக் கழுவி, ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தெருவையே கூட்டிவிடுவார். கண் போன பிறகு அந்த நாள் வந்தால் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். தெருவில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் காதில் விழக்கூடாது. பொரி கொடுத்தாலும் தொடமாட்டார்.

இந்த வருஷம் அவராகவே என்னைக் கூப்பிட்டார். “அஞ்சல, நம்ம ஆயுதத்துக்கும் பூஜ போட்டுடலாமா?” என்றார். நம்ம ஆயுதம் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்து, திரைக்கும் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் நான் பொட்டு வைத்தேன். ஹெட்செட்டை மட்டும் தொடவிடவில்லை. அதற்கு நான்தான் வைப்பேன் என்றார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கையில் கொடுத்துவிட்டு, சுண்டல் அடிபிடிக்கிறது என்று ஓடினேன். திரும்பி வந்தபோது ஹெட்செட் வாழை இலையில் படுத்திருந்தது, மேலே பூ. அவர் நெற்றியில் அவரே இட்ட குங்குமம் கொஞ்சம் மூக்கில் இறங்கியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் எடுத்துக் கொஞ்சமாவது வேலை பார்க்க வேண்டும். அதன்படி விஜயதசமி காலையில் குளித்துவிட்டு, கற்பூரம் காட்டச் சொல்லி, ஹெட்செட்டைச் சொருகினார். சத்தம் இல்லை. கழற்றிச் சொருகினார். இல்லை. திரையில் என்ன போட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். இங்கிலீஷில் மருந்துப் பெயர் முழ நீளம் இருந்தாலும் படித்துவிடுவேன், வாக்கியமாக எழுதியிருந்தால்தான் திணறும். ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்திருந்தது. யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். சொருகினது என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையாம் என்றார். முன்னால் இருக்கும் ஓட்டை, பின்னால் இருக்கும் ஓட்டை எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தோம். அதே கட்டம். “வுடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான், சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் விஜயராகவனுக்குப் போன் போட்டேன். குலதெய்வம் கோயிலுக்கு வந்திருக்கிறேன், வர ரெண்டு நாள் ஆகும் என்றார். டிரைவர் போயிருக்கும், நெட்டில் கிடைக்கிற புரோகிராம்தான், போட்டுப் பாருங்கள் என்று ஒரு யோசனையும் சொன்னார். டிரைவர் என்றால் எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர்தான், அவரும் படுத்துக்கிடக்கிறார். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தேடினதும் பச்சையாக, பெரிசாக ஒரு பட்டன் வந்தது. இலவசம் என்றது. அமுக்கினேன். சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். அடுத்து, அடுத்து என்றது. நானும் அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனேன். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு தூக்க மாத்திரை தராத நான், யாரோ முகம் தெரியாதவன் நீட்டியதை எல்லாம் வாங்கிக் கம்ப்யூட்டர் வாயில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அது ஆட ஆரம்பித்தது. சிவப்பாக ஒரு கட்டம் வந்து, உங்கள் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் என்றது. மூடினால் ரெண்டு வந்தது. நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு ஏதோ விற்றாள். உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று ஒரு போன் நம்பர் மின்னியது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பேங்க் மேனேஜர் பேசுகிறேன் என்று கடைக்கு அடிக்கடி போன் வரும், நானும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் வைப்பேன். இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று போனை வைத்துவிட்டேன்.

ஆனால் அவரிடம் சொல்லியாக வேண்டுமே. ஏற்கெனவே வாய் போனதற்கு இப்போது பைத்தியமும் பிடித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். அவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிற மாதிரி கத்தினேன். ஆம்பளை இப்படிப் படுத்துக்கொண்டால் வீட்டில் இருக்கிறவள் என்னத்தைப் பார்ப்பாள் என்றேன். கத்திக்கொண்டு வந்தது பாதியில் அழுகையாகிவிட்டது.

அவர் திரும்பினார். அந்த நம்பருக்குப் பேசினாயா, பாஸ்வேர்டு ஏதாவது போட்டாயா என்று ரெண்டே கேள்விதான் கேட்டார். ரெண்டுக்கும் இல்லை என்றேன். “அப்ப ஒண்ணும் கெட்டுப்போவல. மொதல்ல நெட் ஒயர புடுங்கு” என்றபடி எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

அவர் கை கீபோர்டில் போனதைப் பார்க்க வேண்டும். ஒரு பட்டனைக்கூடத் தேடவில்லை. ஆனால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போக நேரம் எடுத்தது. செவப்புப் பொட்டி வருது, நீலப் பொட்டி வருது என்றேன். கலரைச் சொல்லாதே, எழுத்தைச் சொல் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கம்ப்யூட்டர் கற்றதே கண் போன பிறகு. அந்தத் திரையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மேலே, கீழே, இடது ஓரம் என்பதெல்லாம் அவருக்கு இல்லை. எதற்குப் பிறகு எது பேசும் என்பதுதான் தெரியும். இன்றைக்கு அது பேசாததால் நான் பேசினேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் எல்லாவற்றின் பட்டியலையும் கொண்டுவந்தார். இன்றைய தேதி போட்டது எது எது என்று கேட்டார். நான் ஏற்றியதாக நினைத்தது ஒன்று, அங்கே இருந்ததோ மூன்று. ஒன்றுக்கு டாக்டர் என்று பெயர், இன்னொன்றுக்கு கேர் என்று பெயர். போலி மருந்துக்காரன்கூட இவ்வளவு துணிச்சலாகப் பெயர் வைக்கமாட்டான். ஒவ்வொன்றையும் நீக்கச் சொன்னார். நீக்கப் போனால் போகாதே என்று காலைப் பிடித்தது. பெரிய பட்டன் எல்லாம் என்னை வைத்துக்கொள் என்றது. பெரிசைத் தொடாதே, எங்கேயாவது சின்னதாக ஒளித்து வைத்திருப்பான், அதைத் தேடு என்றார். தேடினேன். இருப்பதே தெரியாத சாம்பல் எழுத்தில் ஒரு மூலையில் இருந்தது. கண் இருந்தும் நான் காலையில் இதைத்தான் பார்க்கவில்லை.

பிறகு நெட் பார்க்கிற இடத்துக்குள் போய், அங்கே புதிதாக ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் பிடுங்கினோம். ஓரத்தில் அறிவிப்பு அனுப்ப நான் சம்மதம் கொடுத்திருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுத்தோம். அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் வைரஸ் பார்க்கிற வசதியை முழுசாக ஓடவிட்டார். அது முடிய நேரமாகும் என்றார்.

காத்திருந்த நேரத்தில் முதல் நாள் பொரியை எடுத்து வந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம். வேன் ஓட்டின அத்தனை வருஷத்தில் நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனதே இல்லை. எப்போதும் பிள்ளைகள் இருக்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது, அந்தப் பயத்தோடேயே சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனை பர்சென்ட் ஆச்சு என்று அவர் கேட்பதும் நான் சொல்வதுமாக மத்தியானம் ஆகிவிட்டது.

முடிவில் ரெண்டு கண்டுபிடித்து நீக்கியதாகவும், வேறொன்றும் இல்லை என்றும் திரை சொன்னது. ஆட்டம் நின்றது. சிரித்த பெண் போய்விட்டாள். ஹெட்செட்டைச் சொருகினார். அதே கட்டம் வந்தது. தெரியாத சாதனம் என்று பட்டியலில் இருந்ததை நீக்கிவிட்டு, அணைத்துப் போட்டுச் சொருகினார். “அதேதான் வந்திருக்கு” என்றேன்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நாளைக்கு அந்த கம்பெனிக்கு போன் பண்ணி, வரலன்னு சொல்லிடு அஞ்சல. ஒரு ஒயரு பேசலன்னாலே ஒக்காந்துட்றவன் நானு. எனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றார்.

அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போவதற்குள், புது ஹெட்செட் வாங்கி வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். கோளாறு கம்ப்யூட்டரில்தான், புது ஹெட்செட் வாங்கி என்ன செய்யப்போகிறாய் என்று அவர் சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். சும்மா இருக்க முடியவில்லை. இந்த மாதிரியே முனை வேண்டும் என்று கடையில் காட்டுவதற்காகப் கழற்றி எடுத்து வந்திருந்த பழைய ஹெட்செட்டைப் பையில் போடப் போனேன். வாசல் வெளிச்சத்தில் அந்த முனை என் கண்ணில் பட்டது.

அந்தத் தகர வாய்க்குள் மஞ்சளாக என்னவோ அடைத்திருந்தது. நடுவில் ஒரு சிவப்பு. சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகி, உள்ளே இருக்கும் பித்தளைக் கோடுகளை மூடியிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டு முகத்தில்தான் வைப்பார்கள். ஹெட்செட்டுக்கு எது முகம்? அவர் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். பஞ்சு, ஒயர், அப்புறம் ஒரு தட்டையான உலோகம். அதுதான் கம்ப்யூட்டரைப் பார்க்கிற முகம் என்று நினைத்து, விரலில் சந்தனம் எடுத்து, கோணாமல், சிந்தாமல், நடுவில் வைத்திருக்கிறார். பக்தியாக வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆயுதத்துக்கு அவர் வைத்த முதல் பொட்டு.

வேறு நாளாக இருந்தால் நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். இன்றைக்கு வாய் திறக்கவில்லை. இதை இவரிடம் சொன்னால், இனி எந்த ஆயுதபூஜைக்கும் இந்த மனுஷர் சந்தனக் கிண்ணத்தில் கை வைக்கமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு, இன்சுலின் ஊசிக்காக வைத்திருக்கும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, மெல்ல மெல்லத் துடைத்தேன். மஞ்சள் கரைந்து வந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறோமே என்று மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

“கடைக்கு போவலியா? என்னா ஸ்பிரிட்டு வாசன?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

“முனையில தூசு அடஞ்சிருக்கு. தொடைக்கிறேன்.”

“தூசா?”

“ஆமா, தூசு. வீட்டக் கூட்டுற லட்சணம் அப்படி” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

ஃபேனுக்கு நேரே பிடித்து நன்றாகக் காயவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவரே சொருகினார். கட்டம் வரவில்லை. காதில் மாட்டிக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினார். எனக்கு ஒன்றும் கேட்காதே, அதனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் உதடு தானாக அசைந்தது, காதில் விழுகிறதை அவரும் கூடச் சொல்கிற மாதிரி. பேசுகிறது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பொரி கொட்டிக்கிடக்கிறது, யார் பெருக்குவது என்று அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றேன். குக்கரைக்கூட வைக்கவில்லை, விசில் அடித்துத் தொலைக்கும். அவர் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆனால் வாடிக்கையாளர் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் முறை, அதனால் அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்பதும் ஓரளவு விளங்கியது. கோபமாகப் பேசுகிற வாடிக்கையாளர் மாதிரி யாரோ ஒருத்தர் நடித்தார் போல. வேனில் அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற குரலில் இவர் பேசினார். அதில் எனக்குப் பயமே இருக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. “கம்ப்யூட்டர் எதாச்சும் ரிப்பேர் ஆச்சின்னா, ஒடனே பாக்கறதுக்கு வீட்டுல ஆள் இருக்காங்களான்னு கேக்கறீங்க, சரிங்களா சார்?” என்றார். அப்படி ஒரு ஆள் இல்லாத வீட்டுக்கு வேலை கொடுக்கமாட்டார்கள் என்று அவர்கள் தபாலில் தமிழில் அனுப்பிய விதிகளிலேயே இருந்தது. நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்காங்க சார். என் வீட்டம்மா.” மறுபடி ஏதோ கேட்டிருப்பார்கள். “கம்ப்யூட்டர் படிச்சவங்களான்னு கேக்கறீங்க. இல்லீங்க சார், மெடிக்கல்ல வேல பாக்கறாங்க. முந்தாநாள் பூஜையில நான் சந்தனத்த கொண்டுபோயி ஹெட்செட்டு பிளக்குக்குள்ளயே வெச்சிட்டேன் சார். எனக்கு தெரியல. அவங்கதான் கண்டுபுடிச்சி சுத்தம் பண்ணாங்க. ஸ்பிரிட்டோட சேந்து சந்தனம் வாசன வந்திச்சி. என்னான்னு கேட்டா தூசுன்னு சொல்லிட்டாங்க சார்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. பிறகு, “திங்கக்கெழம எத்தினி மணிக்கு வேலய ஆரம்பிக்கணும் சார்?” என்று அவர் கேட்டார். பதில் வந்திருக்கும், அவரும் திருப்பிச் சொல்லியிருப்பார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.